மீஞ்சூரில் என்ன இருக்கிறது

நைனா,

இதை எழுதுகிற கை உன் தங்கை தனத்தின் கை. பேச்சு என்னுடையது. நான் பேசுகிறபடியே எழுதினால் உன்னோடு பயிற்சியில் இருக்கிற பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று, நாலாம் வகுப்பு வரை தான் படித்த தமிழில் மாற்றி மாற்றி எழுதுகிறாள். ஆகையால் ‘நான்’ என்று வருகிற இடமெல்லாம் உன் அம்மா என்றே வைத்துக்கொள். யாராவது பேசினால் அதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அதை மாற்றினால் அந்த ஆட்களே மாறிப் போவார்கள்.

உன் கடிதத்தை இவள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். பயிற்சி முடிகிறது, பட்டணத்துப் போலீசில் எடுக்கவில்லை, செங்கல்பட்டு ஜில்லாப் போலீசில்தான் போட்டிருக்கிறார்கள், முதல் இடம் மீஞ்சூர் என்று எழுதியிருக்கிறாய். ‘மீஞ்சூரில் என்ன இருக்கிறது அம்மா? ஒரு ரயில் நிலையம், நாலு சவுக்குத் தோப்பு. துறைமுகத்தில் கிரேன் வேலைக்கு மாமா சொல்லி வைத்திருக்கிறார். இதை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்’ என்று கேட்டிருக்கிறாய். அப்பா வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். “தொப்பி அவன் தலைல கீது. அவனே முடிவு பண்ணட்டும்” என்றார். பக்கத்து வீட்டு ரங்கம்மா காதிலும் விழுந்துவிட்டது. மறுநாள் காலை குழாயடியில் நாலு பேர் கேட்க, “இன்னாக்கா, உன் புள்ளய பட்டணத்து போலீசுல சேக்கலியாமே? ஜில்லா போலீசுன்னா ராத்திரில மாட்டு வண்டிய நிறுத்தி வெளக்கு கீதா வெளக்கு கீதான்னு கேக்கறவன் தானே?” என்றாள். “ஆமாண்டி, உன் வூட்டுக்காரரு வெளக்கில்லாம வந்தா மொதல்ல அவரத்தான் புடிப்பான்” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ஜில்லாப் போலீஸ் என்றால் என்ன என்று ரங்கம்மாவுக்கும் தெரியாது, உனக்கும் முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதத்தை உன்னிடம் இதுவரை நான் சொன்னதில்லை.

உனக்கு ஒன்பது வயது இருக்கும். தனம் நாலு வயதுக் குழந்தை. மாசி மாதம், திருவொற்றியூர்த் தேர் அன்று அவள் காணாமல் போனது உனக்கு மறந்திருக்காது. ‘டேஷன்ல கெடச்சா’ என்று உன்னிடம் சொன்னேன். நீயும் திருவொற்றியூர்ப் போலீஸ் டாணாவில் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டாய். நான் சொன்ன ஸ்டேஷன் வேறு. பெண் குழந்தை ஒரு பகல் முழுக்க எங்கேயோ இருந்தது என்று நாலு பேர் பேசினால் நாளைக்கு அவள் கல்யாணத்தில் வந்து நிற்கும் என்று அப்பா பயந்தார். அதனால் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இதோ, இவள் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். ‘இதையும் எழுது’ என்று சொன்னேன். எழுதுகிறாள்.

அன்று காலையில் அப்பா கட்டுமரத்தில் போயிருந்தார். நான் கூடையோடு மீன் ஏலத்துக்குப் போனேன். இவளை உன்னிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் நீ மட்டும் வாசலில் நிற்கிறாய். “இங்கதாம்மா வெளையாடிகினு இருந்தா” என்றாய். குப்பம் முழுக்கக் குரல் கொடுத்தோம். கவிழ்த்து வைத்த படகுகளின் அடியில் எல்லாம் குனிந்து பார்த்தோம். கடைசியில் பெண்கள் ஒவ்வொருவராகக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கரைக்கு வந்த ஆண்கள் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் வலையோடு திரும்ப இறங்கினார்கள். உங்கள் அப்பாவும் இறங்கினார். அந்த வலை எதைக் கொண்டுவரும் என்று கரையில் நின்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியாமலே பட்டணத்து டாணா வாசலில் போய் நின்றேன்.

அதுவரை நான் டாணாப் படியை மிதித்ததில்லை. சோறு உண்ணாத பிள்ளைகளுக்கு ‘டாணாக்காரன் வரான் பாரு’ என்று சொல்வதற்கு மட்டும்தான் நமக்குப் போலீஸ். உள்ளே ஒருவர் சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை எந்த இடத்தில் தொலைந்தது என்று கேட்டார். எங்க வூட்டாண்ட என்றேன். வீடு எங்கே என்று கேட்டார். “கோபுரமும் பொகபோக்கியும் ஒட்டுற எடம் சாமி” என்றேன்.

நம் குப்பத்தில் பிறந்த உனக்கு இது விளங்கும். கடலில் இருந்து பார்க்கிறவனுக்குத் திருவொற்றியூர்க் கோபுரம் தூரத்தில் பின்னால் தெரியும். ஆலைப் புகைபோக்கி அதற்கு முன்னால் தெரியும். கட்டுமரம் நகர நகர இரண்டும் கிட்டே கிட்டே வரும். இரண்டும் ஒட்டி ஒன்றாக நின்றால் அங்கிருந்து கரைக்குத் திரும்ப வேண்டும், அதுதான் நம் கரை. ஆண்கள் அதைப் பார்த்து வீடு திரும்புகிறார்கள். பெண்கள் நாம் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஊர்ப் பெயரைக் கேட்டால் நம் வாயில் அதுதான் வரும். மணலில் நின்றால் கோபுரம் ஒரு பக்கம், புகைபோக்கி ஒரு பக்கம், நடுவில் பனைமரம். அப்படி ஓர் இடமே தரையில் கிடையாது. அது எனக்கு அன்று தோன்றவில்லை.

அவர் காதில் கோபுரம் மட்டும் விழுந்தது. அன்று தேர் வேறு. “அய்ய, தேர்க்கூட்டத்துல தொலைஞ்சுதா? திருவொத்தியூரு எங்க சரகம் இல்லம்மா, ஜில்லா போலீசு சரகம். இங்க எழுதிகினு குந்தினா அங்க தேட ஆளு வராது. நீ அங்க போ” என்றார். சரகம் என்ற வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன். கையில் கொண்டுவர வேண்டிய ஏதோ ஒரு காகிதம் என்று நினைத்துக்கொண்டு, “அந்த சரகத்த எங்க வாங்கணும் சாமி?” என்றேன். அவர் சிரித்திருக்கலாம். பின்னால் நின்ற ஒருவர் சிரிக்கத்தான் செய்தார். இவர் எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். “குடிச்சிட்டு ஓடும்மா. தேராண்ட ஒரு ஏட்டு நிப்பாரு. தொண்ட கட்டுன ஏட்டுன்னு கேளு, காட்டுவாங்க” என்றார்.

அப்படித்தான் இருந்தார் அவர். கருத்த பெரிய ஆள், நெற்றியில் யாரோ பூசிவிட்ட சந்தனம், வாயில் குரலே இல்லை. தேர் வடத்துக்கு நடுவில் ஓடுகிற பிள்ளைகளை விரட்டி விரட்டி முதல் நாளே தொண்டை போய்விட்டதாம். அத்தனை மேளத்துக்கும் கூச்சலுக்கும் நடுவில் அவர் ரகசியம் சொல்கிற மாதிரி பேசினார். நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் காதைக் கொடுத்துக் கேட்டார். இரண்டு பேரைக் குளத்துப் படிக்கு அனுப்பினார். ஒருவரைப் பெண்கள் கூட்டத்துக்குள் அனுப்பினார். குளத்தில் ஆள் இறங்கி மூழ்கி எழுந்ததைப் பார்த்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் என்னிடம் வந்து, “கொழந்த எந்த வாசல்ல தேர் பாத்துக்கிட்டு நின்னுது?” என்று கேட்டார். “தேர் பாக்க நாங்க யாரும் வரலீங்களே” என்றேன்.

அவர் அப்படியே நின்றார். இப்போது அடிப்பார் என்று நினைத்தேன். குளத்தில் இறங்கினவன் ஈரத்தோடு நிற்கிறான். “வூடு எங்கன்னு சொன்னே? திரும்பச் சொல்லு, மெதுவா” என்றார். சொன்னேன். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தெற்கே தெரிகிற புகைபோக்கியைப் பார்த்தார். “ஒட்டலியேம்மா” என்றார். “கடல்லேர்ந்து பாத்தா ஒட்டும் சாமி” என்றேன். “நீ சொன்னது சரிதான். நாங்க பாதி வார்த்தையோட தேடப் போயிட்டோம்” என்றார். அந்த ஒரு பேச்சுக்காக, நான் சாகிற வரையில் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பெயர்கூடத் தெரியாது.

அவர் சப் இன்ஸ்பெக்டரிடம் போனார். தேர் பந்தோபஸ்தை விட்டு உத்தரவில்லாமல் ஓர் அடி நகரக்கூடாதாம். அந்த ஐயா என்னையும் பார்த்தார், தேரையும் பார்த்தார், தன் தொப்பியால் ‘போ’ என்று காட்டினார். நாங்கள் பெரிய ரோட்டில் தெற்கே நடந்தோம். நான் பயத்தில் எதையாவது கேட்டுக்கொண்டே வந்தேன் போலிருக்கிறது. அவர் அந்தக் குரலில் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று கேட்டது ஒன்றையும் நான் மறக்கவில்லை. பட்டணத்துப் போலீசுக்குக் கமிஷனர் என்று ஒரு துரை. பட்டணத்து எல்லை எதுவரையோ அதுவரை அவர் ஆட்கள். அதைத் தாண்டினால் ஜில்லா. அங்கே ஏட்டுக்கு மேலே சப் இன்ஸ்பெக்டர், அவருக்கு மேலே இன்ஸ்பெக்டர், அவருக்கு மேலே சூப்பிரண்டு துரை. ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு சூப்பிரண்டு. எல்லா ஜில்லாவுக்கும் சேர்த்துத் தலையில் ஒரு பெரிய துரை. ரயில் பாதைக்கும் பிளாட்பாரத்துக்கும் தனியாக வேறு போலீஸ். “ஏன் சாமி இத்தினி? எல்லாரும் ஒண்ணா இருந்தா இன்னா?” என்று கேட்டேன். “உங்க குப்பத்துப் பெரிய வலைய அடுத்த குப்பத்துக் கரைல போய் இழுப்பியா?” என்று கேட்டார். கொலை விழும் என்றேன். “ஏன்?” என்றார். அவன் கரை அவனுக்குத்தான் தெரியும், எங்கே பாறை எங்கே சேறு என்று, என்றேன். “அதேதான்” என்றார்.

பட்டணத்து எல்லைக் கல் வந்தது. அந்தக் கல்லை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். கூடையை இறக்கி வைத்து இளைப்பாறுகிற கல் என்றுதான் எனக்குத் தெரியும். அவர் அங்கே நின்றுவிட்டார். திரும்பிப் போகப் போகிறார் என்று நினைத்தேன். “அந்தாண்ட என் பேச்சு செல்லாதும்மா” என்றார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, “இன்னைக்கு எந்தாண்டயும் செல்லல. நடக்கறதுக்கு யாரும் வேணாம்னு சொல்லல, வா” என்றார். கல்லுக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு சிவப்புத் தலைப்பாகை வேகமாக வந்துகொண்டிருந்தது. எனக்குத் தண்ணீர் கொடுத்த அதே ஆள்! “மனசு கேக்கல ஏட்டையா. இந்தம்மா சொன்ன வூடு தேராண்ட இல்ல, குப்பத்துலன்னு மீன்காரம்மா ஒருத்தி சொல்லிச்சு. எங்க சரகம்தான். நான்தான் ஏமாந்துட்டேன்” என்றார். ஏட்டையா அவருக்கு முதலில் சலாம் வைத்தார். தன்னைவிடச் சின்னப் பதவிக்காரருக்கு! “உங்க சரகத்துல ஒரு கொழந்தைக்கு வழி கேக்க வந்துருக்கேன், கூட வரலாமா?” என்றார். அதற்கு அவர், “அய்ய, வாங்க ஏட்டையா, இது இன்னா கேள்வி” என்று வெட்கப்பட்டார்.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அவர்கள் இருவரும் வருவதைப் பார்த்ததும் நீ படகுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாய். பட்டணத்துக்காரர் அதட்டலாக, “டேய், இங்க வாடா” என்று ஆரம்பித்தார். ஏட்டையா கையைக் காட்டி நிறுத்தினார். எங்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, உன் பக்கத்தில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உன் காதில் என்னவோ சொன்னார். நீ அவர் காதில் என்னவோ சொன்னாய். போலீஸ்காரர் ரகசியம் பேசினால் பிள்ளையும் ரகசியம்தானே பேசும். வெகுநேரம் அப்படியே இருந்தீர்கள். எழுந்து வந்து என்னிடம், “பையன் கண்ணு நல்ல கண்ணும்மா. வெறகுக் கிடங்காண்ட நின்ன ரயில் வண்டிய அடையாளம் சொல்றான். பலகை போட்டு வெறகு எறக்கிக்கிட்டு இருந்தாங்களாம். கொழந்த அங்க போயிருக்கலாம்னு சொல்றான்” என்றார். நீ அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனதையும், தேர் மேளம் கேட்டதும் கையை விட்டுவிட்டு ஓடினதையும் அவர் சொல்லவில்லை. உன்னைக் குற்றவாளியாக இல்லாமல் சாட்சியாக என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். நான் உன் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டேன், மீதியை அன்று ராத்திரி தூக்கத்தில் நீயே உளறினாய். அவர் மறைத்ததை நான் ஏன் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன். போலீசில்தான் சேருவேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றபோது, ஊரெல்லாம் ‘இவனுக்கு எங்கிருந்து இந்த ஆசை’ என்று கேட்டது. நான் கேட்கவில்லை, நைனா.

விறகுக் கிடங்கு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. அங்கே மூன்றாவது போலீஸ் ஒருவர் இருந்தார், ரயில்வேக்காரர், வயதானவர், வாய் நிறைய வெற்றிலை. “தண்டவாளத்துக்கு அந்தாண்ட நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கோங்க. இந்தாண்ட என் வூடு” என்று சிரித்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. சவுக்கு விறகை இறக்கிவிட்டுக் காலி வண்டிகள் வடக்கே போய்விட்டன என்றார். பலகை இன்னும் அப்படியே சாய்ந்து கிடந்தது. ஒரு கறுப்பு மணி, அவள் கழுத்தில் போட்டிருந்த மணி, அந்தப் பலகை இடுக்கில் கிடந்தது. நான் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ரயில்வேக்காரர்தான் முன்னால் ஓடினார், அந்த வயதில், ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு.

ஸ்டேஷன் மாஸ்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஏட்டையாவுக்குக் குரல் இல்லை. ஏட்டையா ரகசியமாகச் சொல்ல, பட்டணத்துக்காரர் அதை உரக்கக் கத்த, மாஸ்டர் தந்திக்கு எழுதிக்கொண்டார். “சொல்றது ஜில்லா, கத்துறது பட்டணம், அடிக்கிறது ரயில்வே. கவர்னர் வந்தாகூட இந்த மாரி ஒண்ணா நிப்பீங்களாய்யா?” என்று ரயில்வேக்காரர் சொன்னார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் குழந்தை, சிவப்புப் பாவாடை, கறுப்பு மணி, பேர் தனம். “பேர கேட்டா சொல்லுமா?” என்று மாஸ்டர் கேட்டார். புது ஆளைப் பார்த்தால் வாயைத் திறக்காது என்றேன். “வூடு எங்கன்னு கேட்டா மட்டும் சொல்லும், கோபுரமும் பொகபோக்கியும் ஒட்டுற எடம்னு, அவங்கம்மா மாரியே” என்று பட்டணத்துக்காரர் தன்னையே நொந்துகொண்டு சொன்னார். ஏட்டையா அவர் கையைப் பிடித்தார். “கொழந்த அத சொல்லுமா?” என்று என்னைக் கேட்டார். சொல்லும். அப்பா கரைக்கு வந்ததும் தோளில் தூக்கி வைத்து ‘வூடு எங்கடி’ என்று கேட்பது வழக்கம். கோபுரம் என்று வராது, கோபுலம் என்பாள். “அதையும் தந்தில போடுங்க” என்றார் ஏட்டையா. “இது தந்தியா கதையா?” என்று மாஸ்டர் முணுமுணுத்தார். ஆனால் போட்டார்.

எண்ணூரில் இருந்து இல்லை என்று பதில் வந்தது. அத்திப்பட்டில் இருந்தும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது திரும்பவும் தந்தி தட்டியது. மாஸ்டர் எழுதினார், நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். “கோபுலம் இங்கே இருக்கிறது. புகைபோக்கியை உடனே அனுப்பவும்.”

மீஞ்சூரில் இருந்து, நைனா.

அடுத்த வண்டியில் போனோம். ஏட்டையாவும் வந்தார். பட்டணத்து எல்லையை விட்டு நாங்கள் எப்போதோ வெளியே வந்துவிட்டிருந்தோம். “இப்ப மறுபடி என் ஜில்லா” என்று ஜன்னல் பக்கம் பார்த்துத் தனக்குள் சொல்லிக்கொண்டார். மீஞ்சூர் பிளாட்பாரத்தில் மூட்டை நிறுக்கிற தராசுத் தட்டின்மேல் இவள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு ஒரு சிவப்புத் தலைப்பாகை. பக்கத்தில் இலையில் பொரி. அங்கே இருந்த ரயில்வே போலீஸ்காரர் வெறுந்தலையோடு, ஈ ஓட்டிக்கொண்டு நின்றார். காலி வண்டியைப் பெருக்குகிறவள் கண்டுபிடித்துக் கொடுத்தாளாம். எத்தனை கேட்டும் பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. வீடு எங்கே என்று கேட்டதற்கு மட்டும் கோபுலமும் பொகபோக்கியும் என்று பாட்டு மாதிரி பாடினாளாம். வண்டிக்கு வந்தவர் போனவரையெல்லாம் அவர் கேட்டுப் பார்த்திருக்கிறார், கோபுலம் எந்த ஊர் என்று. தந்தி மட்டும் வராமல் இருந்தால் மாலையில் ஜில்லா டாணாவில் ஒப்படைத்திருப்பார். இவள் எழுந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. பொரியை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஏட்டையா திரும்பிப் போகிற வண்டி எப்போது என்று விசாரித்தார். அன்று சூரியன் இறங்குவதற்குள் அவர் தேர்ப் பந்தோபஸ்துக்குத் திரும்பியாக வேண்டும். ஒரு வாய் காப்பிகூட எங்கள் கையால் குடிக்கவில்லை.

எல்லாப் போலீசும் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. துறைமுகத்தில் கூலி கேட்டு நின்றவர்கள்மேல் தடி இறங்கினதையும் இதே கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தலையிலும் இதே சிவப்புத் தலைப்பாகைதான். அதனால் தலைப்பாகைக்காக உன்னைப் போகச் சொல்லவில்லை. அன்று நான் பார்த்தது வேறு ஒன்று. மூன்று பேருக்கும் மூன்று துரை. மூன்று எல்லை. ‘இது என்னுடையது இல்லை’ என்று மூன்று பேரும் சட்டப்படி சொல்லியிருக்கலாம், ஒருவர் மேலும் குற்றம் இல்லை. ஆனால் அவரவர் எல்லையைத் தெரிந்து வைத்திருந்ததால்தான், அடுத்தவன் எங்கே இருப்பான் என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சரகம் என்றால் விரட்டுகிற வார்த்தை என்று நினைத்தேன். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று சொல்கிற வார்த்தையும் அதுதான். நீ எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பது பெரிய விஷயம் இல்லை. அழுதுகொண்டு வருகிறவள் வாயில் பாதி வார்த்தைதான் வரும். மீதியையும் கேள். அவள் சொல்வது உனக்கு விளங்காவிட்டால், விளங்காததையே எழுதி அனுப்பு. எங்கோ ஒருவனுக்கு அது விளங்கும்.

நான் செய்த தப்பு ஒன்றும் உண்டு. அதையும் இவள் கையாலேயே எழுதச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். தினமும் இவளோடு கேட் வரை போய் நிற்பேன், வண்டி போகிற சத்தம் கேட்டால் எனக்கு உயிர் போய் வரும். நாலாம் வகுப்போடு போதும் என்று நிறுத்திவிட்டேன். இவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே இருந்து இருந்து, இப்போது கடைக்குப் போனால்கூட உப்பு என்று சொல்ல வெட்கப்படுகிறாள். மூன்று போலீசும் சேர்ந்து கண்டுபிடித்துக் கொடுத்த பெண்ணை நான் வீட்டுக்குள் தொலைத்துவிட்டேன்.

கிரேன் வேலை நல்ல வேலைதான். வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மீன் குழம்பு வைத்து வைப்பேன். ஆனால் என் சொல்லைக் கேட்டிருக்கிறாய். மீஞ்சூரில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறாய். சொல்லிவிட்டேன்.

உன் அம்மா.

அண்ணா, இனி வருவது என் பேச்சு. அம்மா கூடையைக் கழுவக் கடலுக்குப் போயிருக்கிறாள். எனக்கு அந்த வண்டி நினைவில்லை, பொரி நினைவில்லை. நீ கையை விட்டதும் நினைவில்லை, அதனால் நீயும் மறந்துவிடு. அம்மா போவதற்கு முன்னால், ‘மீஞ்சூருக்கு நான் ஒரு தடவை போய்ப் பார்க்கவா’ என்று கேட்டேன். ரயில்வே கேட்டைத் தாண்டி யார் கொண்டுபோய் விடுவது என்றாள். நானே தாண்டுகிறேன் என்றேன். கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, “உங்கண்ணன் அங்க இருந்தா போ” என்றாள். ஆகையால் நீ அங்கே சேர்ந்ததும் எனக்கு எழுது. நான் வருகிற அன்று பிளாட்பாரத்தில் வந்து நிற்காதே. டாணாவிலேயே இரு. நான் வழி கேட்டுக்கொண்டு வருகிறேன்.